மூத்த மக்ரினா அம்மையார்: ஒரு பாட்டியின் நினைவும் திருச்சபையின் பாரம்பரியமும்

நான்காம் நூற்றாண்டைப் பற்றிப் பேசும் திருச்சபை வரலாற்று நூல்கள், 325-ஆம் ஆண்டின் நிசேயா சங்கத்தில் தொடங்கி 381-ஆம் ஆண்டின் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கத்தில் முடிப்பது வழக்கம். இவ்விரு சங்கங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் திரியேக உபதேசத்தை விளக்கி நிலைநாட்டியவர்கள் என்று கப்பத்தோக்கியப் பிதாக்கள் மூவரை அந்நூல்கள் போற்றுகின்றன. கப்பத்தோக்கியாவிலுள்ள செசரியாவின் பேராயர் பாசில், அவருடைய தம்பியாகிய நிசா நகரத்துக் கிரிகோரி, அவர்களுடைய நண்பராகிய நசியான்சு கிரிகோரி ஆகியோரே அம்மூவர். பாசில் எங்கே கல்வி கற்றார் என்று மாணவரைக் கேட்டால், செசரியா, கான்ஸ்டாண்டிநோப்பிள், அத்தேனே என்று வரிசையாக விடை வரும். அது சரியான விடையே. ஆயினும், "உமது விசுவாசத்தை எங்கே பெற்றீர்?" என்ற கேள்வி பாசிலை நோக்கி எழுந்தபோது, அவர் அத்தேனேயைச் சுட்டவில்லை. தம்மைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்த பாட்டியைச் சுட்டினார்.

அப்பாட்டியின் பெயர் மக்ரினா. அதே பெயரைத் தாங்கிய பேத்தி ஒருவரும் திருச்சபையில் புகழ்பெற்றமையால், இவரை மூத்த மக்ரினா என்று அழைப்பது மரபு. இவர் எழுதிய வரி ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. இவருடைய வாழ்க்கையைக் கூறும் தனி நூலும் பண்டைக் காலத்தில் எழுதப்படவில்லை. பேரப்பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய நண்பரும் வெவ்வேறு தேவைகளின்பொருட்டு எழுதியவற்றில், ஆங்காங்கே சில வாக்கியங்களே இவரைக் குறித்து உள்ளன. அச்சில வாக்கியங்களைக் கொண்டு இவருடைய வாழ்க்கையை எவ்வளவு தூரம் அறியலாம் என்பதையும், அவ்வறிவு திருச்சபையின் பாரம்பரியத்தைப் பற்றி நமக்கு என்ன கற்பிக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. ஊரும் காலமும்

மக்ரினா அம்மையார் பொந்து நாட்டிலுள்ள நியோசெசரியாவைச் சேர்ந்தவர். கருங்கடலுக்குத் தெற்கே, மலைகளுக்கிடையில், லீக்கஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. இன்று துருக்கி நாட்டின் தோக்காத் மாநிலத்தில் நிக்சார் என்னும் பெயருடன் விளங்குகிறது. ஒரு மாகாணத்தின் தலைமையிடமாக இருந்தபோதிலும், அந்தியோகியாவோடோ அலெக்சாந்திரியாவோடோ ஒப்பிடுகையில் அது ஒரு சிற்றூரே. பேதுருவின் முதலாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே பொந்து நாட்டு விசுவாசிகள் குறிப்பிடப்படுவதை நாம் அறிவோம். ஆயினும், அந்நாட்டின் உட்பகுதியாகிய நியோசெசரியாவில் சபை வேரூன்றியது மூன்றாம் நூற்றாண்டிலேயாகும்.

அவ்வாறு வேரூன்றச் செய்தவர், பிற்காலத்தார் "அற்புதர்" என்று சிறப்பித்த கிரிகோரி. அவ்வூரிலேயே புறமதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், பாலஸ்தீன நாட்டுச் செசரியாவுக்குச் சென்று ஒரிகனிடம் கல்வி கற்றார். பின்பு சொந்த ஊருக்குத் திரும்பி, ஏறக்குறைய 240-ஆம் ஆண்டளவில் அதன் அத்தியட்சரானார். அவர் பொறுப்பேற்றபோது ஊரில் பதினேழு கிறிஸ்தவர்களே இருந்தனர் என்றும், மரிக்கும்போது பதினேழு புறமதத்தாரே எஞ்சியிருந்தனர் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. எண்களின் அழகைக் கண்டே அது மக்கள் வாயில் உருப்பெற்ற செய்தி என்று உணரலாம். எனினும், ஓர் ஊர் முழுவதும் தன் ஞானத் தகப்பனாக அவரைக் கருதியது என்ற உண்மை அதில் அடங்கியுள்ளது. ஏறக்குறைய 270-ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார்.

மக்ரினா அம்மையார் பிறந்த ஆண்டு பதிவாகவில்லை. 329 அல்லது 330-இல் பிறந்த பாசிலுக்கு அவர் பாட்டி என்பதைக் கொண்டு, மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் பிறந்திருக்கவேண்டும் என்று கணிக்கலாம். ஆகவே, அற்புதர் கிரிகோரியின் பிரசங்கத்தை அவர் நேரில் கேட்டிருப்பார் என்று கொள்வதற்கு இடமில்லை. பாசிலும் அவ்வாறு கூறவில்லை. இடையறாத நினைவின் வழியாய் அந்தப் பரிசுத்தவானின் வார்த்தைகள் தம் பாட்டியை வந்தடைந்தன என்றே கூறுகிறார். அப்படியானால், கிரிகோரிக்கும் மக்ரினாவுக்கும் இடையே பெயர் தெரியாத ஒரு தலைமுறை நின்றிருக்கிறது. சிறுமியாயிருந்த மக்ரினாவுக்கும் யாரோ ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

2. காட்டில் கழிந்த ஏழு ஆண்டுகள்

303-ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் பிறப்பித்த கட்டளையால் தொடங்கிய பெருந்துன்பம், கிழக்கு நாடுகளில் பத்தாண்டுகள் நீடித்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, வேதபுத்தகங்கள் எரிக்கப்பட்டன, பின்னர் எல்லா மக்களும் பலியிடவேண்டும் என்னும் கட்டளையும் வந்தது. 311-இல் காலேரியஸ் மரணப்படுக்கையில் சகிப்புக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்த பின்னும், மாக்சிமினஸ் தன் ஆட்சிப் பகுதியில் துன்புறுத்தலை மீண்டும் தூண்டினான். 313-இல் அவன் வீழ்ந்த பின்னரே கிழக்கில் அமைதி பிறந்தது.

பாசில் மறைந்தபின் நசியான்சு கிரிகோரி நிகழ்த்திய நினைவுப் பேருரையில், இக்காலத்தில் பாசிலின் தந்தைவழி முன்னோர் பட்ட பாடு விவரிக்கப்படுகிறது. அவர்கள் பொந்து நாட்டு மலைக்காடு ஒன்றில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தனர். வசதியாக வளர்ந்தவர்கள் குளிரிலும் மழையிலும் கூரையின்றிக் கிடந்தனர். உற்றாரும் நண்பரும் அருகில் இல்லை. ஒருநாள் அவர்கள் நல்லுணவுக்காகத் தேவனை வேண்ட, மான்கள் தாமாகவே மலையிலிருந்து இறங்கிவந்து உணவாயின என்று கிரிகோரி கூறுகிறார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் காடை கிடைத்த வரலாற்றின் சாயலில் அவர் இதைச் சொல்வது தெளிவு. அக்குடும்பத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்த கதையாகவும் இது இருக்கக்கூடும்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓடி ஒளிந்தவர்களை விசுவாச வீரர் என்று சொல்லலாமா? கிரிகோரி இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. துன்புறுத்துவோர்மேலும் பலவீனர்மேலும் இரக்கங்கொண்டு, தானாகப் போராட்டத்தைத் தேடிச் செல்லாதிருப்பதும், அது நேரிட்டபோது பின்வாங்காதிருப்பதுமே இரத்தசாட்சிகளின் ஒழுங்கு என்று விளக்குகிறார். இதற்கு ஊரின் மரபிலும் ஆதாரம் இருந்தது. 250-ஆம் ஆண்டில் தேசியஸ் துன்புறுத்தியபோது, அற்புதர் கிரிகோரியே தம் மக்களை ஒதுங்கிச் செல்லுமாறு கூறி, தாமும் மலைப்பகுதிக்குச் சென்றார் என்று நிசா கிரிகோரி எழுதிய அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. அரை நூற்றாண்டுக்குப்பின் மக்ரினாவின் குடும்பம் காட்டுக்குள் சென்றது அந்த முன்மாதிரியை நினைத்தே என்று கருதுவது பொருத்தமாகத் தோன்றுகிறது. அற்புதரின் வார்த்தைகளை மனத்தில் வைத்திருந்தவர், அவருடைய வழியையும் மனத்தில் வைத்திருந்தார் எனலாம்.

அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் நிலமும் முன்போல் இல்லை. கிறிஸ்துவை அறிக்கைசெய்ததற்காகத் தந்தையின் பெற்றோருடைய சொத்துக்கள் பறிமுதலாயின என்றும், தாய்வழி மூதாதை ஒருவர் கொல்லப்பட்டார் என்றும், இளைய மக்ரினா மரணத்தறுவாயில் தம் தம்பிக்கு நினைவூட்டியதை நிசா கிரிகோரி பதிவுசெய்துள்ளார். பின்னர் அக்குடும்பம் மீண்டும் செழித்தது. அவர்களுடைய நிலங்கள் மூன்று ஆளுநர்களுக்கு வரி செலுத்தும் அளவுக்குப் பரவியிருந்தன. ஆயினும் இழப்பின் நினைவு மூன்றாம் தலைமுறையிலும் மங்கவில்லை.

3. பாட்டியின் பள்ளி

மக்ரினாவின் மகன் மூத்த பாசில், நியோசெசரியாவில் சொல்லாட்சிக் கலை கற்பித்த ஆசிரியர். அவருடைய மனைவி எம்மேலியா. இவர்களுடைய பிள்ளைகளுள் பாசில், கிரிகோரி, பேதுரு ஆகிய மூவரும் பேராயராயினர். மூத்த மகளுக்குப் பாட்டியின் பெயரே இடப்பட்டது. குடும்பத்தில் முன்பு புகழ்பெற்றிருந்த, துன்பக் காலத்தில் கிறிஸ்துவை அறிக்கைசெய்த தந்தையின் தாயாருடைய பெயர் அது என்று நிசா கிரிகோரி காரணம் கூறுகிறார். பேத்திக்குப் பாட்டி பெயரை இடுவதன் கருத்தை நம் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

ஈரிஸ் ஆற்றங்கரையில் அன்னிசி என்னுமிடத்தில் இக்குடும்பத்திற்கு ஒரு பண்ணை இருந்தது. சிறுவன் பாசில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தது அந்தப் பகுதியிலேயே. பிற்காலத்தில் அவர் தனிமை வாழ்வு நடத்த அந்த இடத்தையே தெரிந்துகொண்டார். சிறுவயதுமுதல் பழகிய இடம், பாட்டி தம்மை வளர்த்த இடம் என்று 210-ஆம் கடிதத்தில் அவரே நினைவுகூருகிறார்.

அப்பள்ளியில் பாடநூல் என்ன? அற்புதர் கிரிகோரியின் வார்த்தைகளே பாடநூல். பாட்டி தாம் காத்துவைத்திருந்தவற்றைத் தமக்குக் கற்பித்து, குழந்தைகளாயிருந்தபோதே தம்மைத் தேவபக்தியின் உபதேசங்களுக்கேற்ப உருவாக்கினார் என்று பாசில் 204-ஆம் கடிதத்தில் எழுதுகிறார். வேதபுத்தகங்கள் எரிக்கப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி அவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஏட்டை எரிக்கலாம், மனப்பாடமாய் இருப்பதை எரிக்க முடியாது. எழுத்தில் இருந்தவை ஆபத்துக்குள்ளான பத்தாண்டுகளில், நினைவில் இருந்தவை காட்டுக்குச் சென்று காட்டிலிருந்து திரும்பின.

ஏறக்குறைய 340-ஆம் ஆண்டளவில் அம்மையார் மறைந்தார் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அப்போது பாசில் பத்து வயதுச் சிறுவன். பாட்டியைப் பற்றி அவர் எழுதியது இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரேயாகும்.

4. பேரனின் வழக்கு

ஏறக்குறைய 375-ஆம் ஆண்டில் பாசில் கப்பத்தோக்கியாவின் தலைமைப் பேராயர், பெயர்பெற்ற இறையியலாளர். ஆனால் பாட்டியின் ஊராகிய நியோசெசரியா அவரைப் புறக்கணித்தது. அதன் அத்தியட்சர் அத்தார்பியஸ் அவரோடு ஐக்கியங்கொள்ள மறுத்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் தனித்தனி ஆள்தத்துவங்கள் என்று பாசில் கற்பித்ததை அவ்வூரார் ஏற்கவில்லை. அவர்கள் சபேல்லியுவின் பிழையில் விழுகிறார்கள் என்று பாசில் அஞ்சினார். வழக்கின் கடுமை என்னவெனில், இரு தரப்பாரும் ஒரே சாட்சியை அழைத்தனர். அந்தச் சாட்சி அற்புதர் கிரிகோரி.

எதிர்த்தரப்பாரிடம் எழுத்துச் சான்று இருந்தது. ஏலியன் என்னும் புறமதத்தானோடு கிரிகோரி நடத்திய உரையாடலில், பிதாவும் குமாரனும் கருத்தளவில் இருவர், ஆள்தத்துவத்தில் ஒருவர் என்னும் பொருள்படும் தொடர் காணப்பட்டது. பாசில் இதற்கு 210-ஆம் கடிதத்தில் மறுமொழி கூறுகிறார். அது உபதேச விளக்கமாக அன்று, ஒரு புறமதத்தானைத் தம் பக்கம் இழுக்கும் வாதத்தில் சொல்லப்பட்டது என்கிறார். அன்றியும், பிரதிசெய்தவர்கள் செய்த பிழைகள் அதில் பல என்கிறார்.

பாசிலிடம் இருந்த சான்று வேறுவிதமானது. தம் விசுவாசத்திற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எது, உங்கள் ஊரிலிருந்து வந்த பாக்கியவதியாகிய பாட்டியால் வளர்க்கப்பட்டேனே என்னும் கருத்தில் அவர் நியோசெசரியாவின் மக்களுக்கு எழுதினார். மக்ரினாவின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், முன்னாள் நண்பராகிய செபஸ்தே நகரத்து யூஸ்தாத்தியுவுக்கு எழுதிய 223-ஆம் கடிதத்திலும் இதையே வற்புறுத்தினார். தாயிடமிருந்தும் பாட்டி மக்ரினாவிடமிருந்தும் சிறுவயதில் பெற்ற தேவனைப் பற்றிய எண்ணத்தைத் தாம் மாற்றவில்லை, அது தம்மோடு வளர்ந்தது, விதை சிறிதாயிருந்து பெரிதானாலும் வகை மாறாததுபோல என்று விளக்கினார்.

இந்த வாதத்தின் துணிவை நாம் எளிதாகக் கருதிவிடக்கூடாது. சங்கங்களின் தீர்மானங்களும் அரசகட்டளைகளும் மோதிக்கொண்ட ஒரு காலத்தில், பெண்கள் போதிக்கும் பொறுப்பில் அமராத ஒரு சபையமைப்பில், ஒரு பேராயர் தம் வைதிகத்திற்குச் சாட்சியாக ஒரு மூதாட்டியை நிறுத்துகிறார். எழுத்துச் சான்று எதிராளியிடம். பாட்டியின் நினைவு தம்மிடம். அந்த நினைவே உண்மைக்கு நெருங்கியது என்று அவர் சாதிக்கிறார். லீஸ்திராவைச் சேர்ந்த தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது, பவுல் முதலில் லோவிசாளின் பெயரைச் சொன்னதும் இதே முறையன்றோ?

5. நினைவின் மதிப்பும் எல்லையும்

பாட்டியைப் போற்றுவது எளிது. அவருடைய நினைவை ஒரு வரலாற்றுச் சான்றாக எடைபோடுவதே கடினம். அக்கடமையினின்று நாம் விலகலாகாது.

முதலாவது, மக்ரினா அம்மையார் எந்தச் சொற்களைக் கற்பித்தார் என்பதைப் பாசில் நமக்குச் சொல்லவில்லை. 'அற்புதரின் வார்த்தைகள்' என்கிறாரேயன்றி அவற்றை எடுத்தெழுதவில்லை. ஆகையால், 375-இன் சர்ச்சையில் எழுந்த நுட்பமான கேள்விகளுக்கு, 335-இல் ஒரு பாட்டி தம் பேரனுக்குச் சொன்னவை நேரான விடையாயிருந்தன என்று நிரூபிக்க முடியாது. பாசிலின் விதை உவமையே இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. பாட்டி தந்தது விதை. மரம் பேரனுடைய காலத்தது.

இரண்டாவது, நினைவு தேவைக்கேற்ப வடிவம் கொள்ளும். பரிசுத்த ஆவியைப் பற்றிய தம் நூலில், அற்புதர் விட்டுச்சென்றதற்கு மேலாக ஒரு செயலையோ சொல்லையோ சடங்கையோ நியோசெசரியா சபை சேர்க்கவில்லை என்று பாசில் புகழுகிறார். ஆனால், தம் சபையில் பாடப்படும் இராக்கால சங்கீதங்கள் கிரிகோரியின் காலத்தில் இல்லை என்று அதே ஊரார் குறைகூறியபோது, நீங்கள் இப்போது அனுசரிக்கும் மன்றாட்டு மாலைகளும் அவர் காலத்தில் இல்லையே என்று 207-ஆம் கடிதத்தில் திருப்பிக் கேட்கிறார். ஒரே ஊர், ஒரே முன்னோர், ஒரே எழுத்தாளர். ஒரு நூலில் மாறாத மரபு, ஒரு கடிதத்தில் மாறிய மரபு. வழக்காடுபவர் நினைவை எப்படிப் பயன்படுத்துவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மூன்றாவது, நினைவுகூரப்படுபவர் யார், மறக்கப்படுபவர் யார் என்று கேட்கவேண்டும். மக்ரினாவின் கணவர் பெயர் ஓரிடத்திலும் பதிவாகவில்லை. காட்டில் அவர்களுக்குப் பணிவிடை செய்ய மிகச் சிலர் உடனிருந்தனர் என்பது நசியான்சு கிரிகோரியின் உரையால் தெரிகிறது. அவர்களும் அதே குளிரில் அதே ஏழு ஆண்டுகளைக் கழித்தனர். அவர்களுடைய பெயரும் விசுவாசமும் எவருடைய கடிதத்திலும் இடம்பெறவில்லை. பெரிய குடும்பத்துப் பாட்டியாக இருந்ததாலும், பேரர்கள் பேராயர்களானதாலுமே மக்ரினாவின் பெயர் நமக்குக் கிடைத்தது. பணிவிடைக்காரிக்கும் ஒரு பேரன் இருந்திருப்பான். அவனிடம் கேட்டு எழுத எவரும் இல்லை.

இவ்வளவும் சொன்னபின்னும், பாசிலின் சாட்சியம் அழிந்துவிடுவதில்லை. உபதேசத்தின் நுட்பங்களை விட்டுவிட்டு, உபதேசம் நடந்துவந்த வழியை மட்டும் பார்த்தால், அவர் கூறுவது உறுதியான வரலாறு. 270-இல் மறைந்த ஓர் அத்தியட்சருக்கும் 375-இல் எழுதிய ஒரு பேராயருக்கும் இடையே நூறாண்டு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் துன்புறுத்தல் நேர்ந்தது. 344-இல் நியோசெசரியாவைத் தரைமட்டமாக்கிய பூமியதிர்ச்சியும் நேர்ந்தது. அதில் ஆலயமும் அதனுள் இருந்தோருமே தப்பினர் என்பர். அத்தகைய இடைவெளியைத் தாண்டுவதற்குப் பாலமாயிருந்தவர் ஒரு பெண்மணி. பாரம்பரியம் என்பது அத்தியட்சரிடமிருந்து அத்தியட்சருக்குக் கைவைத்தலினால் செல்வது என்று மட்டும் வரையறுப்போர், பொந்து நாட்டில் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி ஒரு பாட்டியின் மடி என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

6. நமக்குரிய பணி

நம் மாணவர் சபை வரலாறு எழுதப் புறப்படும்போது, நிறுவிய மிஷனெரியின் பெயர், ஆலயப் பிரதிஷ்டை நாள், குருமாரின் வரிசை ஆகியவற்றைத் தேடுகின்றனர். இவை வேண்டியவையே. ஆயினும், அச்சபையிலுள்ள மிக முதிய பெண்மணியிடம் சென்று, "அம்மா, உங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?" என்று கேட்டு எழுதுவதும் வரலாற்றாசிரியரின் பணியாகும். அவர் சொல்வதை அப்படியே நம்பவேண்டும் என்று நாம் கூறவில்லை. பதிவேட்டோடு ஒப்பிடுக; தேதிகளைச் சரிபார்க்க; எதற்காக அதை அவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று ஆராய்க. ஆனால் முதலில் கேட்க வேண்டும். பெரிய வீட்டுப் பாட்டியிடம் மட்டுமன்று, அவ்வீட்டில் வேலைசெய்த பாட்டியிடமும் கேட்க வேண்டும்.

மக்ரினா அம்மையாரைப் பற்றி நமக்குக் கிடைத்த சில வாக்கியங்களுள் பாசில் எழுதியவை பெரும்பாலும் நியோசெசரியாவார் அவரைச் சந்தேகித்ததால் கிடைத்தவை. அந்தப் பிணக்கு நேரிடாதிருந்தால், பாட்டி தமக்குக் கற்பித்ததைப் பற்றி அவர் எழுதாமலே போயிருக்கக்கூடும். ஒரு சர்ச்சை எழும்வரை காத்திராமல், உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கும் சபை பாக்கியம் பெற்றது.